700சி: பெயரில் உறைந்த ஓர் அகலம்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத வேண்டிய இரவுகளில் மிதிவண்டி டயரின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் களப்பணி தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியில், கோலாமி மொழி பேசும் சிற்றூர்களில் நடைபெறுகிறது. ஐதராபாத்திலிருந்து உட்னூர் வரை பேருந்து, அதன்பின் மிதிவண்டி. முதலில் நல்ல தார்ச்சாலை, பிறகு கப்பிக்கல் பெயர்ந்த சாலை, இறுதியில் கரிசல் மண்பாதை. ஒரே காலைப்பொழுதில் மூன்று வகைத் தரைகளைக் கடக்க வேண்டும்.

பழைய பந்தய வண்டி ஒன்றை வாங்கியபோது அதில் 28 மி.மீ. அகல டயர்கள் இருந்தன. 100 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடிக்கும்படி கடைக்காரர் அறிவுறுத்தினார். காற்று எவ்வளவு இறுக்கமோ வேகம் அவ்வளவு என்றார். நானும் நம்பினேன். சென்ற ஆண்டு கோடையில் ஒருநாள், எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் குலக்கதையொன்றைக் காலை எட்டு மணிக்குச் சொல்வதாக இசைந்திருந்தார். கப்பிச்சாலையில் இரண்டு முறை பஞ்சர் ஆயிற்று. இரண்டாவது ஓட்டை, அடுத்தடுத்து இரண்டு வெட்டுகளாக அமையும் 'பாம்புக்கடி' வகை. கூரிய கல்லுக்கும் உலோக வளையத்துக்கும் இடையே டியூப் நசுங்குவதால் நேர்வது அது. நான் ஊரை அடைந்தபோது மணி பதினொன்று. பெரியவர் வேலைக்குப் போய்விட்டார். பின்னர் மழைக்காலம் குறுக்கிட்டது. நான்கு மாதங்கள் கழித்துச் சந்தித்தபோது அந்தக் கதையைச் சொல்லும் மனநிலை அவருக்கு இல்லை. என் ஒலிப்பதிவுத் தொகுப்பில் அந்த இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது.

அன்று வழியில் டியூபை ஒட்டிக்கொண்டிருந்தபோது, இருபுறமும் பால் கேன்கள் தொங்கும் கறுப்பு மிதிவண்டியில் ஒருவர் அதே கப்பியின் மீது நிதானமாக என்னைக் கடந்து சென்றார். அவருடைய வண்டி பஞ்சராகாமல் என்னுடையது மட்டும் ஏன் ஆனது என்ற கேள்வியில்தான் இக்கட்டுரை தொடங்கியது. இன்று 'கிராவல் பைக்' என்ற பெயரில், தார்ச்சாலைக்கும் சரளைக்கும் பொதுவான வண்டிகள் பெரிய அளவில் விற்பனையாகின்றன. அவற்றுக்குரிய டயரின் அகலம் ஏறத்தாழ 40 மி.மீ. என்ற கருத்து ஒரு புதிய கண்டுபிடிப்பைப் போலப் பேசப்படுகிறது. அது கண்டுபிடிப்பன்று, நினைவுமீட்பு என்பதே என் வாதம். அதற்கு வலுவான சான்று ஆய்வகத்தில் இல்லை. டயரின் பெயரில் இருக்கிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தின் 'டயர்' என்னும் சொல், உடை அணிதலைக் குறிக்கும் 'அட்டயர்' என்பதன் குறுக்கம் என்பது சொற்பிறப்பாளர் பலரின் கருத்து. சக்கரம் உடுத்தியிருப்பதே டயர். பழந்தமிழிலும் சக்கரத்தின் விளிம்பைச் சூழ்ந்த வளைமரத்துக்குச் 'சூட்டு' என்ற பெயர் உண்டு. பூச்சூட்டு, முடிசூட்டு என்பவற்றில் உள்ள அதே சூட்டு. தொடர்பற்ற இரு மொழிகள், சக்கரத்தின் விளிம்பில் இருப்பதை அணியப்படும் பொருளாகவே கண்டிருக்கின்றன. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அணிவித்த காலத்தில் அந்த அணி தேய்மானத்திலிருந்து காத்தது, அதிர்விலிருந்து காக்கவில்லை.

அதிர்விலிருந்து காக்கும் அணியை முதலில் எண்ணியவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். காற்றடைத்த சக்கரத்துக்கு அவர் 1845இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை நிரப்பி, மேலே தோலுறை போர்த்திக் குதிரை வண்டிகளில் பொருத்தினார். லண்டனின் ரீஜண்ட்ஸ் பூங்காவில் அவ்வண்டிகள் ஓடின. 1849இல் வெளியான இழுவிசை அளவீடுகள் இன்றும் வியப்பளிப்பவை. வழவழப்பான, கெட்டியான மக்காதம் சாலையில் சாதாரணச் சக்கர வண்டியை இழுக்க 45 பவுண்டு விசை தேவைப்பட்டது. காற்றுச் சக்கரத்துக்கு 28 பவுண்டு. புதிதாக உடைத்துப் பரப்பிய கற்களின் மீதோ, சாதாரணச் சக்கரத்துக்கு 120 பவுண்டு. காற்றுச் சக்கரத்துக்கு 38½ பவுண்டு மட்டுமே.

இந்த நான்கு எண்களில் பின்வந்த நூற்றைம்பது ஆண்டு விவாதத்தின் விடை அடங்கியிருக்கிறது. மென்மையான சாலையில் காற்றால் கிடைக்கும் ஆதாயம் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். கரடான சாலையில் தேவைப்படும் விசையே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காற்றடைத்த டயர் முதன்மையாகக் கரட்டுச் சாலைக்கான கருவி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாம்சன் தம் சக்கரத்தை ஒரே தரையில் அளந்து நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டு தரைகளிலும் அளந்தார்.

ரப்பர் விலை மிகுந்த அக்காலத்தில் அவருடைய சக்கரம் பரவவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைக் குறைக்க முயன்று, அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தார். 1888இல் காப்புரிமை பெற்றார்; தாம்சனின் முன்னுரிமை தெரியவந்ததால் அது செல்லாமல் போயிற்று. 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் கல்லூரித் திடலில், டன்லப்பின் பருத்த டயர் பூட்டிய வண்டியில் வந்த வில்லி ஹியூம், தாம் பங்கேற்ற நான்கு பந்தயங்களிலும் வென்றார். 1891 செப்டம்பரில், சுமார் 1,200 கி.மீ. நீளமுள்ள பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் பந்தயத்தைச் சார்ல் தெரோன், கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் டயர்களுடன் 71 மணி நேரத்தில் முடித்து வாகை சூடினார். அவர் கடந்த சாலைகள் தார் காணாதவை. இன்றைய வழக்கில் சொன்னால், அது ஒரு 'கிராவல்' பந்தயம்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். கடைகளில் நாம் கேட்கும் '700சி', '650பி' ஆகியவை பிரெஞ்சு அளவுமுறையின் எச்சங்கள். 700 என்பது காற்று நிரம்பிய டயரின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். பின்னொட்டாக வரும் ஏ, பி, சி ஆகியன டயரின் தடிமனைச் சுட்டின. ஏ மெல்லியது, பி இடைநிகர்த்தது, சி பருத்தது. வெளிவிட்டம் மாறாமல் டயர் மட்டும் பருக்க வேண்டுமானால், டயர் அமரும் வளையம் சிறுக்க வேண்டும். ஆகவே 700ஏ வளையத்தின் விட்டம் 642 மி.மீ., 700பி 635 மி.மீ., 700சி 622 மி.மீ. என அமைந்தன.

ஓர் எளிய கழித்தல் போதும். 700இலிருந்து 622ஐக் கழித்தால் 78, பாதியாக்கினால் 39. அதாவது 700சி என்னும் பெயர் பிறந்தபோது, அது ஏறத்தாழ 39 மி.மீ. தடித்த டயரைக் குறித்தது. பின்னர் பந்தய வண்டிகள் அதே 622 வளையத்தில் மெல்லிய டயர்களைப் பூட்டின. பந்தயத்தில் வழங்கிய, வளையத்தில் ஒட்டும் குழாய் டயர்களுக்கும் இந்த வளையத்துக்கும் விட்டம் ஒத்திருந்ததால், பிரேக்கை மாற்றாமலே சக்கரத்தை மாற்ற முடிந்தது. என் பேராசிரியர்களின் இளமைக்காலத்தில் விற்ற பந்தய வண்டியில் '700×23சி' என்று எழுதியிருக்கும். அதன் உண்மையான வெளிவிட்டம் 668 மி.மீ. மட்டுமே. 'பருத்தது' என்னும் பொருள்கொண்ட எழுத்து, மிக மெல்லிய டயரின் மீது அச்சிடப்பட்டிருந்தது. பொருள் நழுவியபின்னும் வடிவம் மட்டும் நீடிக்கும் சொற்களை மொழியியல் மாணவர்கள் நன்கறிவோம். '700சி' அத்தகைய ஒரு தொல்லெச்சம்.

இந்த மறதி எப்படி நேர்ந்தது? முதற்காரணம், சாலை. மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் சாலைகள் தாராலும் நிலக்கீலாலும் மூடப்பட்டன. இரண்டாவது காரணம், பந்தயத்தின் மதிப்பு. பந்தய வீரர் பூட்டுவதே சிறந்தது என்ற எண்ணம் பொதுமக்களிடம் ஊன்றியது. எல்லோரும் மறந்துவிடவில்லை. பிரான்சின் சேன்த் எதியென் நகரில் 'வெலோசியோ' என்ற புனைபெயருடன் இதழ் நடத்திய போல் தெ விவி (1853–1930), பற்சக்கர மாற்றிகளுக்காகவும் பருத்த டயர்களுக்காகவும் ஓயாது வாதிட்டார். அவர் வழிவந்த பயண ஓட்டிகள் 650பி சக்கரங்களில் மலைப்பாதைகளைக் கடந்தனர். ஆனால் தூர் தெ பிரான்சு பந்தயமோ 1937 வரை பற்சக்கர மாற்றிகளையே அனுமதிக்கவில்லை. பயணிகளின் அறிவும் பந்தயத்தின் அறிவும் தனித்தனி ஓடைகளாக ஓடின. சந்தை பின்தொடர்ந்தது பந்தயத்தை.

மூன்றாவது காரணமே ஆய்வாளர்களாகிய நமக்கு முக்கியமானது. டயரின் உருள்தடையை ஆய்வகத்தில் அளக்க, வழவழப்பான எஃகு உருளையின் மீது டயரை அழுத்திச் சுழற்றுவார்கள். அங்கே பதிவாகும் இழப்பு ஒன்றே: டயர் நசுங்கி மீளும்போது ரப்பரும் துணியும் வெப்பமாக வீணாக்கும் ஆற்றல். காற்றை இறுக்க இறுக்க நசுங்கல் குறையும். இழப்பும் குறைந்துகொண்டே போகும். ஆகவே இறுக்கமே வேகம் என்னும் முடிவு உருளையின் மீது முற்றிலும் சரி.

சாலையில் வேறோர் இழப்பும் சேர்கிறது. இறுகிய டயர் கல்லை விழுங்குவதில்லை. வண்டியையும் ஓட்டுபவரையும் தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வு தசைகளில் உராய்வாகி அழிகிறது. முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் உடலின் குலுக்கலில் கரைகிறது. எஃகு உருளையின் மீது கல்லும் இல்லை, மனிதரும் இல்லை. ஆகவே அந்த இழப்பு எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவின் 'பைசைக்கிள் குவாட்டர்லி' இதழ், அதன் ஆசிரியர் யான் ஹைனேயின் முயற்சியில், உண்மையான ஓட்டுநரை உண்மையான சாலையில் ஓட்டி அளவிடத் தொடங்கியது. கரட்டுத் தளத்தில் அதிர்வால் ஏற்படும் இழப்பு மிகப் பெரியது என்பது புலப்பட்டது. ஓட்டுபவரின் எடையால் டயரின் உயரம் சுமார் 15 விழுக்காடு அமுங்கும்படி காற்றை வைப்பது நல்ல தொடக்கப்புள்ளி என்ற பிராங்க் பெர்ட்டோவின் அளவுகோலும் மீண்டும் கவனம் பெற்றது. தொழில்முறைப் பந்தய வீரர்களே 23 மி.மீ. டயரைக் கைவிட்டு, 28 மி.மீ. அகலத்துக்கும் அதற்கு மேலும் நகர்ந்தனர்.

இதற்குச் சமகாலத்தில் இன்னொரு வழியிலும் நினைவு மீண்டது. 1933இல் ஷ்வின் நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய பருத்த 'பலூன்' டயர் வண்டிகள் சிறுவர்களுக்கானவை. கலிபோர்னியாவின் மெரின் பகுதி இளைஞர்கள் அந்தப் பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவில் இறக்கினர். 1976இல் தொடங்கிய 'ரீபேக்' பந்தயத்திலிருந்து மலை மிதிவண்டி உருவாயிற்று. 2006இல் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில், 34 பேருடன் ஒரு சரளைப் பந்தயம் தொடங்கியது. இன்று 'அன்பவுண்ட்' எனப்படும் அப்பந்தயத்தின் முதன்மைத் தூரம் 200 மைல். அது நடைபெறும் நிலத்தின் பெயர் பிளின்ட் ஹில்ஸ், அதாவது சிக்கிமுக்கிக் குன்றுகள். டயரை அறுக்கும் கூரிய கற்களுக்குப் பேர்போனவை அவை. தாம்சனின் 1849ஆம் ஆண்டு அட்டவணையிலும் உடைத்த கல்லைக் குறிக்க வருவது இதே 'பிளின்ட்' என்னும் சொல்தான். அப்பந்தயத்தின் முன்னணி வீரர்கள் பலர் அண்மை ஆண்டுகளில் இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட மலைவண்டி டயர்களுக்கே மாறியிருக்கிறார்கள்.

இப்போது பால்காரரின் கறுப்பு மிதிவண்டிக்குத் திரும்பலாம். அதன் டயரில் '28×1½' என்று எழுதியிருக்கும். பன்னாட்டு அளவுமுறையில் அது 40-635. அகலம் 40 மி.மீ., வளைய விட்டம் 635 மி.மீ. இங்கும் கழித்துப் பார்க்கலாம். ஒன்றரை அங்குலம் என்பது 38 மி.மீ.; 635உடன் இருபுறமும் 38 சேர்த்தால் 711; அது துல்லியமாக 28 அங்குலம். பெயரும் பொருளும் இன்றுவரை பிரியாமல் நிற்கும் டயர் இது. பிரிட்டனிலிருந்து வந்த 'ரோட்ஸ்டர்' வகையின் அளவு. 1936இல் வங்கத்தின் சாகாகஞ்சில் தொடங்கிய டன்லப் ஆலை, 1949இல் சென்னை அம்பத்தூரில் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிபத்தில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என வளர்ந்த இந்திய மிதிவண்டித் தொழிலின் பொதுமொழி இந்த அளவே. அஞ்சல்காரரும் பால்காரரும் பள்ளி ஆசிரியரும் பல பத்தாண்டுகளாகத் தாரிலும் சரளையிலும் மாறிமாறி ஓட்டியது 40 மி.மீ. டயரில்தான்.

இதை நம் முன்னோரின் அறிவியல் என்று பெருமைப்படுத்திவிடக் கூடாது. அந்த அளவு இங்கே வகுக்கப்பட்டதன்று, இங்கே நிலைத்தது. சாலைகள் மாறாததால் நிலைத்தது. அந்த டயரின் தடித்த துணியும் கனத்த ரப்பரும் நசுங்கி மீள்வதில் நிறைய ஆற்றலை விழுங்குவன. எஃகு உருளையில் அது கட்டாயம் தோற்கும். எனினும், கற்கள் நிறைந்த சாலையில் டியூபை நசுங்கவிடாமல் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அகலமே துணை என்பதை ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்கள் கட்டுரை எழுதவில்லை. ஆகவே அவர்களின் அனுபவம் சான்றாக எண்ணப்படவும் இல்லை.

பொதுப்பயன் கருதி என் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அகலம். என் வண்டியின் சட்டகம் தாங்காததால், 50 மி.மீ. வரை இடம்கொடுக்கும் பழைய சட்டகம் ஒன்றைத் தேடி வாங்கினேன். அதில் 45 மி.மீ. டயரும் நுழையும். ஆனால் கரிசல் மண் ஈரமானால் டயரோடு ஒட்டிச் சட்டகத்தில் அடைத்துக்கொள்ளும்; ஆதலால் இருபுறமும் ஐந்து மி.மீ. இடைவெளி விட்டு 40இல் நின்றேன். அடுத்தது உடற்துணி. மெல்லிய, நெகிழ்வான துணியுள்ள டயர் விரைவானது. ஆனால் பக்கச்சுவர் எளிதில் அறுபடும். இடைத்தரமான ஒன்றை எடுத்தேன். மூன்றாவது, மேற்பரப்பின் வார்ப்பு. நடுவில் ஏறக்குறைய மழுமழுப்பாகவும் ஓரங்களில் சிறு முடிச்சுகளுடனும் இருப்பது கலப்புப் பாதைக்குப் போதும். மிதிவண்டியின் வேகத்தில் நீர்ப்படலத்தின் மீது டயர் மிதப்பதில்லை. ஆதலால் தார்ச்சாலைக்கெனப் பள்ளக்கோடுகள் தேவையில்லை. உதிரிச் சரளையிலோ முடிச்சைவிட அகலமும் தாழ்ந்த அழுத்தமுமே பிடிப்பைத் தருகின்றன.

இறுதியாகக் காற்று. உடலும் கருவிகளுமாக என் சுமை 70 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்சக்கரத்தில் 34, பின்சக்கரத்தில் 38 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். டியூபற்ற அமைப்பில் இன்னும் தாழ்த்தலாம். ஆனால் அதில் ஊற்றும் அடைப்புநீர் வெயிலில் சில மாதங்களில் உலர்ந்துவிடும். டியூபை ஒட்டத் தெரிந்தவரோ எல்லா ஊரிலும் இருக்கிறார். களப்பணிக்குப் பழுதுபார்ப்பவரின் அறிவும் டயரின் ஓர் அங்கம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறைகளிலும் எஃகு உருளைகள் உண்டு. ஒலிபுகா அறையில், எழுதித்தந்த சொற்பட்டியலைப் படிக்கச்செய்து பதிவுசெய்யும் பேச்சும் அவற்றுள் ஒன்று. அந்த அளவீடு பொய்யன்று. அது எந்தத் தரையின் மீது எடுக்கப்பட்டது என்பதை முடிவுரை எழுதும்போது மறந்துவிடுவதுதான் பிழை. தாம்சனின் அட்டவணையில் இரண்டு தரைகள் இருந்தன. என் மூன்றாம் இயலிலும் இனி இரண்டு இருக்கும்.

சென்ற மாதம் புதிய டயருடன் போனேன். பஞ்சர் இல்லை, எட்டு மணிக்கு முன்பே ஊரில் இருந்தேன். பெரியவர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காற்று குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். கதையை அடுத்த முறை பார்க்கலாம் என்றார். சோளம் விதைக்கும் முறையை மட்டும் நாற்பது நிமிடம் சொன்னார். கேட்டுவந்தேன்.

டயரின் பக்கச்சுவரில் 40-622 என்று பொறித்திருக்கிறது. 622உடன் இருபுறமும் நாற்பது சேர்த்தால் 702. நெடுங்காலத்துக்குப் பின் ஒரு 700சி சக்கரம் தன் பெயருக்கு ஏறத்தாழ உண்மையாக இருக்கிறது.

பின்குறிப்பாக ஒரு கேள்வி: மாட்டுவண்டிச் சக்கரத்தின் வளைமரத்துக்கும் அதன்மேல் பூட்டும் இரும்புப் பட்டைக்கும் உங்கள் ஊரில் வழங்கும் பெயர்கள் என்ன? 'சூட்டு' என்பது எங்கேனும் இன்னும் பேச்சில் உயிரோடிருந்தால், ஊர்ப்பெயருடன் எழுதுங்கள், நன்றியுடன் தொகுத்துவைப்பேன்.